இடுக்கில் உட்கார்ந்த நான்கு செல்கள்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் உதவியாளரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிஐடி அக்கா என்பார்கள். வீட்டில் கணவர் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தால்கூட, "என்ன காரியம் ஆகணும்?" என்று கேட்கிற ஜாதகம் அவளுடையது.

படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் கரு எப்படிப் பிரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. தவளைக்கு மேலே சின்னச் செல், கீழே பெருத்த செல். கோழிக்கு மஞ்சள் கருவின் உச்சியில் பொட்டளவு இடம் மட்டும் பிரியும், மீதி சும்மா கிடக்கும். நட்சத்திர மீனுக்கு எட்டுச் செல் ஆகும்போது மேல் நான்கும் கீழ் நான்கின் தலைமேல் நேராக உட்காரும். நத்தைக்கு அவை சற்றுத் திரும்பி, கீழ்ச் செல்களின் இடுக்கில் உட்காரும்.

செய்முறைத் தேர்வில் சீட்டெடுத்து வந்த ஸ்லைடுக்கு ஒரு மாணவி நத்தை என்று எழுதினாள். லேபிளில் நட்சத்திர மீன். இரண்டு மதிப்பெண்ணில் பெயில். ஒரு வருடமே போச்சு. "லேபிள்தான்க்கா தப்பு" என்று அழுதாள்.

"பெயிலானவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்று அனுப்பிவிட்டாள் சிஐடி.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மேல் நான்கும் இடுக்கில்! அப்படியானால் அது நத்தையேதான். போன மாதம் இந்த ஸ்லைடுப் பெட்டியை இரவல் வாங்கியவர் புது விரிவுரையாளர். பல்லைக் காட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்தபோதே நினைத்தாள். நேரே போய் நின்றாள்.

"லேபிள மாத்தினது நீங்கதானே சார்?"

"நான் பெட்டியத் திறக்கவே இல்லக்கா. பூட்டிக் குடுத்தீங்க, கேட்டும் சாவியத் தரல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழைய லேபிள்களை ஊறவைத்து உரித்து, யாரையும் கிட்டே விடாமல் புதிதாக ஒட்டியது அவள்தான். வேலைக்கே உலை வைக்கும் தப்பு. சத்தமில்லாமல் லேபிளை மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண்ணின் அழுகை விடவில்லை. துறைத்தலைவியிடம் போய் ஒப்புக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு மார்க் போட்டுடலாம். லேபிள் ஒட்டி எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருஷம் மேடம்."

"அப்போ இதுக்கு முன்னாடி இந்த ஸ்லைடு வந்தவங்க?"

அவளுக்குத் தலை நிமிரவில்லை. "ரெண்டு பேர் வந்து சொன்னாங்க மேடம். பொய் சொல்றாங்கன்னு நான்தான் துரத்திவிட்டேன்."