மேல என்றால் எந்தப் பக்கம்? மண்டபம் கடலில் ஒன்பது நாள்

பொங்கல் முடிந்த நான்காம் நாள் காலை 5.40-க்குக் கமுதியில் பஸ் ஏறினேன். மண்டபத்தில் ஒன்பது நாள் தங்கிப் பாய்மரப் படகில் பயிற்சி எடுக்க வேண்டும். ஏப்ரலில் கொச்சியில் கிளம்பி மொரீசியஸ் வரை போகும் ஒரு போட்டிக்கு எங்கள் படகு பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய 2,100 கடல் மைல். பதினெட்டு நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். வழியில் எங்கும் இறங்கக் கூடாது.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று கேட்பீர்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் பதின்மூன்று வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். முழங்கால் ஆபரேஷனுக்கு வந்த சுபா மேடம் என் வார்டில்தான் இருந்தார். சென்னைக்காரர், நாற்பத்து நான்கு வயது, படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். போட்டிக்கு மருத்துவம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தார். "நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தச் சனி என் நாக்கில் உட்கார்ந்திருந்ததோ தெரியவில்லை. கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே அந்த வருடம் நல்ல வருடம். நீச்சல் கற்றுக்கொண்டதே முப்பத்து மூன்று வயதில், மதுரையில், குளோரின் போட்ட குளத்தில்.

கமுதி, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று மூன்று பஸ். மொத்தம் 105 ரூபாய் ஆனது. காத்திருந்த நேரத்தையும் சேர்த்து 9.30-க்கு இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ 80 ரூபாய். ஆட்டோக்காரர் என் பையில் தொங்கிய லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டார்.

"படகுல போறீகளா? எந்தப் பக்கம்?"

"வடக்குப் பக்கம்ணே."

"வாடை அடிக்கிற நேரத்துல வடக்கயா? தெக்க போனா குளம் மாதிரி கெடக்குமே தாயி."

அதனால்தான் வடக்கே போகிறோம், அலை இருந்தால்தான் பயிற்சி என்று சுபா மேடம் போனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினார்.

வீடு இரண்டு அறை, ஒரு குளியலறை, மேலே மொட்டை மாடி. எங்களோடு இன்னும் இரண்டு பேர். நெய்னா கீழக்கரைக்காரன், இருபத்தொன்பது வயது, படகின் இன்ஜினும் மின்சாரமும் அவன் பொறுப்பு. ஆரோக்கியம் அண்ணன் பாம்பன்காரர், எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவர். சரக்குக் கப்பல்களில் பத்து வருடம் வேலை பார்த்தவர். நெய்னா தூக்கத்திலும் பேசுவான். ஆரோக்கியம் அண்ணன் சோறு தின்கிற நேரத்தில் வாய் திறந்தால் அது அதிசயம்.

கரையிலும் படகில் இருப்பது போலவேதான் வாழ வேண்டும் என்பது சுபா மேடத்தின் சட்டம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர், அதற்கு மேல் சொட்டுக் கிடையாது. குளிக்க அரை வாளி. நான்கு மணி நேரம் விழிப்பு, நான்கு மணி நேரம் தூக்கம். விழித்திருப்பவர் மாடியில் உட்கார்ந்து மணிக்கு ஒருமுறை காற்றின் திசையை எழுத வேண்டும். விடிகாலை முறையை நெய்னாவே கேட்டு வாங்கிக்கொண்டான். பஜ்ர் தொழுகைக்கு எப்படியும் எழுந்துவிடுவேன் என்றான். வைத்த இடத்தில் இல்லாத பொருள் எது கண்ணில் பட்டாலும் சுபா மேடம் அதைத் தூக்கி ஒரு நீல வாளியில் போட்டுவிடுவார். கடலில் விழுந்ததாகக் கணக்கு. மீட்க வேண்டுமானால் அன்றைய பாத்திரம் முழுக்கக் கழுவ வேண்டும். முதல் மூன்று நாளில் என் சீப்பு, கண்ணாடிக் கூடு, ஒரு செருப்பு எல்லாம் கடலில் விழுந்தன. நெய்னா என் கதியைப் பார்த்துத் தன் செருப்பை ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டான்.

இதெல்லாம் சிரிப்புதான். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு, எங்கள் படகுவரை கொண்டுபோய் விடும் சின்ன ஃபைபர் படகில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிடும். எங்கள் படகு முப்பத்து நான்கு அடி. கரை ஓரம் ஆழம் போதாததால் அரை கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டிருந்தோம். அந்தப் பெரிய படகில் கால் வைத்ததும் தரை நழுவும். வாந்தி மாத்திரை போட்டும் முதல் இரண்டு நாள் ஏழு முறை வாந்தி எடுத்தேன். வாந்தியாவது நின்றது. பயம் நிற்கவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாயும்போதெல்லாம் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வேன். பெரும்பாலும் பாய்மரம்தான் கிடைக்கும். அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பாயைப் பார்ப்பது போல முகத்தை மட்டும் மேலே வைத்துக்கொள்வேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை 10.40. கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வடக்கே இருந்தோம். வாடைக் காற்று நன்றாக ஏறியிருந்தது. முன்பாயின் கயிறு ஒன்று சிக்கிக்கொள்ள, ஆரோக்கியம் அண்ணன் அதை எடுக்க முன்னால் போனார். இடம் மாறுவதற்காக இடுப்புக் கயிற்றின் கொக்கியை ஒரு நொடி கழற்றினார். அந்த நொடியில் அலை வந்தது. சத்தம்கூட இல்லை. இருந்த இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அவர் விழுந்ததைப் பார்த்தது நான் மட்டும். இதற்கு ஒரு விதி உண்டு. யார் பார்க்கிறாரோ அவர் கண்ணை எடுக்கவே கூடாது. ஒரு கையை நீட்டி, விழுந்தவரைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வேலை எதுவும் கிடையாது. படகைத் திருப்புகிறவர் கடலைப் பார்க்க மாட்டார், அந்தக் கையைத்தான் பார்ப்பார். தினமும் ஒரு மஞ்சள் கேனைத் தண்ணீரில் போட்டுப் பழகியிருக்கிறோம்.

"ஆள் விழுந்துட்டாரு!" என்று கத்தினேன். சுபா மேடம் படகைத் திருப்பினார். திரும்பி முடித்தபோது அண்ணன் எங்களுக்கு மேற்கே, நூறு அடிக்கு அப்பால் இருந்தார். அவருடைய லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சு நிறப் புள்ளியாக அலைமேல் வந்து வந்து மறைந்தது. எனக்கும் சுபா மேடத்துக்கும் நடுவில் பெரிய பாய் இருந்தது. "எங்க? எங்க இருக்கார்?" என்று பின்னாலிருந்து அவர் கத்துவது கேட்டது.

"மேல! மேல இருக்காரு!" என்றேன்.

படகு அவரை விட்டு விலகிப் போக ஆரம்பித்தது. என் உயிரே போய்விட்டது. இன்னும் பலமாக "மேல! மேல!" என்று கத்தினேன். படகு இன்னும் விலகியது.

சுபா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். படகில் மேலே என்றால் காற்று வரும் பக்கம், கீழே என்றால் காற்று போகும் பக்கம். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் பிறந்தது முதல் மேல என்றால் மேற்கு. மேலத்தெரு, மேலக்காடு, "மேல தள்ளி உக்காரு" என்றால் மேற்கே தள்ளி. நான் மேற்கு என்று கத்தக் கத்த, அவர் வடகிழக்கே வாடையைப் பார்த்துப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஜினைப் போடலாம் என்றால் சிக்கிய கயிறு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது, விசிறியில் சுற்றிவிடும். நெய்னாதான் முன்னால் ஓடி வந்தான். "என்னக்கா மேல? காத்துப் பக்கம் ஒண்ணுமே இல்லையே!" அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மேற்கே! வெயிலுக்கு எதுத்தாப்ல!" என்றேன். அவன் தேடினான். அவன் கண்ணில் புள்ளி படுவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். பட்டதும் அவன் கையை நீட்டினான். படகு திரும்பியது.

பதினான்கு நிமிடம் கழித்து அண்ணனைத் தூக்கினோம். உதடு வெளுத்திருந்தது, இடது கால் இழுத்துக்கொண்டிருந்தது, குடித்த உப்புத் தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்தார். நாடி பார்த்தேன், 124. ஈரத் துணியைக் கழற்றிக் கம்பளி சுற்றினேன், காலைத் தேய்த்துவிட்டேன். இதில் என் கை தயங்கவே இல்லை.

அன்று மாலை வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. பயந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. நெய்னா எனக்கு மேலக்கா என்று பெயர் வைத்தான். "கமுதிக்காரங்ககிட்ட வழி கேட்டா ஆகாசத்துக்குத்தான் போகணும் போல" என்று சுபா மேடமும் சேர்ந்துகொண்டார். மேலே கீழே எல்லாம் இனி வேண்டாம், வலது இடது மட்டும்தான் என்று புது விதி போட்டார். தப்பு என் மேல் இல்லை, வார்த்தை மேல் என்று ஆகிவிட்டது. நானும் சிரித்தேன். ஆரோக்கியம் அண்ணன் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆனால் விஷயம் வார்த்தை இல்லை. நான் கையை நீட்டவே இல்லை. நீட்டியிருந்தால் பாயைத் தாண்டி அது சுபா மேடத்துக்குத் தெரிந்திருக்கும், வாயில் எதைச் சொன்னாலும் படகு சரியாகத் திரும்பியிருக்கும். என் இரண்டு கையும் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. விடு என்று எனக்கே சொன்னேன், விடவில்லை. இதை யாரிடம் சொல்வது? எட்டாம் நாள் மாலை நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, படகில் யார் யார் போகிறோம் என்ற பட்டியலைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். எனக்குப் பதிலாக வரக் கொச்சியில் ஒரு பெண் தயாராக இருந்தாள். சொன்னால் என் இடம் போகும். சொல்லாமல் விட்டால், நடுக்கடலில் இன்னொரு முறை என் கை வராமல் போனால் யார் உயிர் போகும்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடல் நோய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எட்டாம் நாள் காலை, விதிப்படி ஒவ்வொருவரும் ஒருமுறை தண்ணீரில் இறங்கி மீட்கப்பட வேண்டும். என் முறை வந்தபோது காட்டும் வேலை ஆரோக்கியம் அண்ணனுக்கு. குதித்தேன். படகு போய்விட்டது. படகிலிருந்து பார்த்தபோது சின்னதாக இருந்த அலை, தண்ணீரில் இருக்கும்போது சுவர். படகின் உடம்பே தெரியவில்லை. பாயின் உச்சி வரும், போகும். விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றே என் புத்தி சொன்னது. அடுத்த அலை என்னைத் தூக்கியபோது பாய்மரத்தின் பக்கத்தில் நீட்டிய கை ஒன்று தெரிந்தது. முகம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை, கை மட்டும். ஒன்பது நிமிடம். ஒவ்வொரு முறை அலை தூக்கும்போதும் தேடினேன். ஒவ்வொரு முறையும் அது என்னைக் காட்டிக்கொண்டே இருந்தது.

ஏற்றியதும் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் அவரிடம் போனேன். "அன்னைக்கு என் கையத் தேடுனீங்களாண்ணே?"

"தேடுனேன் சிஸ்டர்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டு கையும் மரத்துல இருந்துச்சு."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"சொல்ல வேண்டியது நானா?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

சுபா மேடத்தையும் நெய்னாவையும் கூப்பிட்டு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையும் வந்தது. நெய்னா தலையைக் குனிந்துகொண்டான். சுபா மேடம் என்னை விட்டுவிட்டு ஆரோக்கியம் அண்ணனிடம் கேட்டார். "விழுந்தது நீங்க. இவங்களோட வருவீங்களா, மாட்டீங்களா? நீங்க சொல்றதுதான்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கைய விடுன்னா விடாது. இடுப்பக் கட்டையா கட்டுங்க, ஒரு முழக் கயிறு போதும். கட்டிட்டுப் பாப்போம்."

பாய்மரத்தோடு என் இடுப்பை ஒரு முழக் கயிற்றில் கட்டினார்கள். நெய்னா மஞ்சள் கேனை எறிந்தான். கை வந்தது, ஆனால் உடனே இல்லை. அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். முதல் முறை ஆறு எண்ணும்வரை ஆனது. பதினோராவது முறை மூன்று.

"இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு" என்றார்.

இந்தப் பக்கம் படகுப் பயிற்சிக்கு வர நினைப்பவர்களுக்கு: தை மாசியில் வடக்குக் கடல் முரடு, தெற்குக் கடல் அமைதி. ஆனி ஆடியில் அப்படியே தலைகீழ். கடலில் இறங்கும் முன் கடலோரக் காவல் போலீசிலும் மீன்வளத் துறையிலும் சொல்லிவிடுங்கள், அடையாள அட்டை ஒரிஜினலே வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் தெற்கே தீவுகள் பக்கம் போகாதீர்கள். கிழக்கே நாட்டின் கடல் எல்லைப் பக்கம், ஜிபிஎஸ் இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். மண்டபத்தில் அறைகள் குறைவு, ராமேஸ்வரத்தில் தங்கினால் தினமும் இருபது கிலோமீட்டர் வந்து போக வேண்டும். வாந்தி மாத்திரையைப் படகு ஏறியபின் போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். கூட வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டுக்கொண்டு, திசைக்கு என்ன வார்த்தை என்பதை முதல் நாளே எல்லாரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பயம் இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் எட்டாம் நாள் சொன்னேன், அதற்குள் ஒருவர் பதினான்கு நிமிடம் தண்ணீரில் கிடந்தார்.

இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. மதுரையில் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போதுகூடச் சட்டென்று கையை விட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். வார்டில் கூட வேலை பார்ப்பவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

எட்டாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டோம். சுபா மேடம் போட்டார், நெய்னா போட்டான், நான் போட்டேன். ஆரோக்கியம் அண்ணன் பேனாவைக் கையில் வாங்கி, என் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டார்.