ஓடையின் கீழ்ப்பக்கம்

ஸ்காபரோவில் நாங்கள் முதலில் இருந்த தொடர்மாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில், அத்தான் காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, போர்வையைக் கொண்டுபோய்ப் பல்கனிக் கம்பியில் விரித்துப் போடுவது. மூக்கு விறைத்துப்போகும் தை மாதத்திலும் அரை மணித்தியாலம் அது அங்கே தொங்கும். பார்வைக்கு அழகில்லை, எடுத்துவிடுங்கள் என்று கட்டட நிர்வாகத்திலிருந்து இரண்டு தரம் கடிதம் வந்தது. "உந்த மனுசனுக்கு விசர்" என்று அக்கா சொல்லுவாள். நான் வாய் திறக்கமாட்டேன். போர்வைக்குக் காலைக் காற்றுப் பிடிக்கவேண்டும் என்பது அவர் எங்கே பழகிய பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. கனடாவுக்கு வருமுன் அவர் ஜேர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தில் நாலு வருடம் அகதியாக இருந்தார். அங்கே வழக்கு இழுபட்டுக்கொண்டே போனதால்தான் இங்கே வந்தார். நான் அவருக்கு முன்பே வந்தவள். ஆங்கிலம் கொஞ்சம் ஓடும் என்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் என் குசினி மேசையில் வைத்து அகதி விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பாதுகாப்பான நாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களைத் திருப்பி அங்கேயே அனுப்பிவிடுவார்கள் என்று அப்போது ஆளுக்காள் சொன்னார்கள். நானும் சட்டம் படித்தவள் மாதிரி, "ஜேர்மனியை விடுங்கோ அத்தான். அந்த நாலு வருசமும் கொழும்பில லொட்ஜில இருந்ததெண்டு எழுதுவம்" என்றேன். எழுதினேன். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். பிறகு இரண்டு கிழமை, எந்தத் தெரு, எந்த அறை, யன்னலால் பார்த்தால் என்ன தெரியும் என்று அவரைப் பாடமாக்க வைத்தேன். விசாரணையில் ஒரு சொல் பிசகாமல் சொல்லி வென்றுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கமுடியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கிராமம் எங்கள் குடும்பத்தில் இல்லாத ஊர். ரொறொன்ரோவில் பிறந்த மகளுக்கு, அப்பா முதன்முதல் உறைபனியைக் கண்டது கனடாவில்தான் என்று சொல்லப்பட்டது. முதல் மாரியிலேயே கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில் சவளைப் பிடித்துப் பனியைத் தள்ளிய விதத்தைப் பார்த்து முன்வீட்டு வெள்ளைக்காரர் வாயைப் பிளந்தது வேறு கதை. அக்காவுக்கு விசயம் தெரியும், ஆனால் கேட்க விருப்பமில்லை. அந்த நாலு வருடமும் அவள் ஊரில் ஷெல்லடிக்குள் இருந்தவள். அவளிடம் போய் அங்கே அப்பிள் பூத்தது, ஓடை ஓடியது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மிச்சம் நான்தான். மிசிசாகாவில் ஒரே தொழிற்சாலையில் இருவருக்கும் காலை வேலை. மோர்னிங்சைட்டிலிருந்து நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையில் போய்ச்சேர ஒரு மணித்தியாலம் பிடிக்கும், சிலநாள் ஒன்றரை. அந்தக் காருக்குள் வைத்துத்தான் அவர் ஊரைச் சொல்லுவார். கென்னடி வீதி கழியும்போது கதையில் தேவாலயத்துக்கு வந்திருப்பார். அலன் வீதிக்கு வரும்போது மலையேறத் தொடங்கியிருப்பார். பதினேழு வருடம் கேட்டேன். கண்ணால் காணாத அந்த ஊரில் என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் பாண் கடைக்குப் போய்விடுவேன்.

இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு ஓடை. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அறுபது, எழுபது வீடுகள். ஒரு காலத்தில் மேல்பக்கம் ஒரு ஆயருக்குச் சொந்தம், கீழ்ப்பக்கம் ஒரு பிரபுவுக்கு. அதனால் மேலே கத்தோலிக்கர், கீழே மற்றச் சபைக்காரர். தேவாலயம் இரண்டு, பள்ளிக்கூடம் இரண்டு, சுடலையும் இரண்டு. "எங்கட ஊர் மாதிரித்தான் பிள்ளை, நடுவில ஒரு வாய்க்கால் மட்டும் கூட" என்பார். முன்னொரு காலம் கீழ்ப்பக்கம் முழுவதும் தீப்பிடித்து எரிந்ததாம். மேல்பக்கத்தார் ஒரு வாளி தண்ணீர் தரவில்லை என்று கீழ்ப்பக்கத்தாரும், நாங்கள் கொண்டுவந்தோம், அவர்கள்தான் வாங்கவில்லை என்று மேல்பக்கத்தாரும் இன்றுவரை சொல்கிறார்களாம். வைக்கோல் கூரைகள் போய்க் கற்பலகைக் கூரைகள் வந்தது அதற்குப் பிறகுதான். வீட்டு நிலைகளுக்கு மேல் கட்டிய ஆண்டைச் செதுக்கியிருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துத்தான் அவர் சரித்திரம் படித்தார். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. காட்டுப் பாதையில் ஒரு எல்லைக்கல் இருந்தது. தினமும் அதுவரை நடந்துபோய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறவனுக்கு ஊர் பிடிபடாமல் என்ன செய்யும்?

இருவரும் வேலையிலிருந்து ஓய்வெடுத்துச் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூஜ் பகுதியில் அக்காவின் மகள், என் பெறாமகள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவள் சிரித்துக்கொண்டு தன் ஃபோனை எடுத்தாள். ஜேர்மனியில் ஏதோ ஒரு கிராமத்தார் தங்கள் ஊர்ச் சரித்திரத்தைப் புத்தகமாக்குகிறார்களாம். முன்பு அங்கே இருந்த தமிழர்களைத் தேடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். தகப்பன் பெயர்தானே எங்கள் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர், அதை வைத்து இணையத்தில் இவளைப் பிடித்துவிட்டார்கள்.

"அப்பா ஜேர்மனியில இருக்கவே இல்லை, ராங் பேர்சன் எண்டு றிப்ளை பண்ணிட்டன். ஆனா ஃபோட்டோவில ஒராள் அப்பா மாதிரியே இருக்கிறார், பாருங்கோ."

அத்தான் படத்தைப் பார்த்தார். பழைய பள்ளிக்கூட வாசலில் நாலு தமிழ் இளைஞர்கள். நான்காவதாக நின்றவர் அவர்தான். "ம்ம்" என்றுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் மூச்சை விட்டேன். கொழும்பு லொட்ஜ் விசாரணைக்கே அசையாத மனிசன் இதற்கா அசையப்போகிறார் என்று நினைத்தேன். பெறாமகள் சும்மா இருக்காமல் புத்தகத்துக்கு எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். மேல்பக்கத்தார் தங்கள் பள்ளிக்கூடத்தைத் தமிழருக்குத் திறந்துவிட்டார்கள், போர்வைகள் கொடுத்தார்கள் என்று வந்தது.

"மேல்பக்கம் இல்லை," என்றார் அத்தான். "கீழ்ப்பக்கம். பாலத்துக்கு இங்காலை. போர்வை தந்ததும் கீழ்ப்பக்கத்துச் சனம்தான். மேல்பக்கத்தார் முதல் வருசம் எங்களோட கதைக்கவே இல்லை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது. அதிகாரிகள் குடைந்து குடைந்து கேட்டு வாங்கமுடியாததை, பக்கம் மாற்றி எழுதிய ஒரு வரி வாங்கிவிட்டது. அவரைத் தாங்கிய சனத்தின் பெயர் மாறிப்போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றாள் அக்கா. ஒருவரும் சாப்பிடவில்லை.

"நான்தான் மறைக்கச் சொன்னனான்" என்றேன்.

பெறாமகள் தகப்பனைக் கோபிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "சித்தி, நாலு வருசம். அதை எப்பிடி டிலீற் பண்ணச் சொல்லுவீங்கள்?" எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்து நிலைமை உனக்குத் தெரியாது என்று ஏதோ சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு நாள் அவள் தகப்பனோடு உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். ஓடை எந்த வளைவில் அகலும், எந்த வீட்டு நிலையில் ஆண்டு அழிந்துபோயிருக்கிறது, எந்தக் கிணறு மூடப்பட்டது. திருத்தங்கள் பக்கம் பக்கமாகப் போயின. கிராமத்தார் நன்றி சொல்லி எழுதியபோது, படத்துக்குக் கீழே பெயரைப் போடச் சம்மதமா என்றும் கேட்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அத்தான் தனியே என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"பேர் போடலாமோ எண்டு கேட்டிருக்கினம். நீர் ஓம் எண்டால்தான் போடச் சொல்லுவன்."

"என்னை ஏன் கேக்கிறியள்?"

"பாரத்தில கீழ உம்மட கையெழுத்தெல்லோ இருக்கு. நாளைக்கு ஏதும் வந்தால் முதல் உம்மைத்தான் பிடிப்பினம். அதுக்காகத்தான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை."

இத்தனை வருடமும் நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பயந்த மனிசன், என்னால்தான் தப்பினார் என்று உள்ளுக்குள் ஒரு திமிர்கூட இருந்தது. அவரோ என் கையெழுத்துக்காகத் தன் ஊரை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார், சொந்தப் பிள்ளைக்கும் சொல்லாமல். அந்த நிமிடமே ஓம் என்றிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் கூடவே குடியுரிமை, விசாரணை, இந்த வயதில் ஒரு கடிதம் வந்தால் என்ற யோசனையும் வந்தது.

"இப்ப ஏன் அத்தான்? விடுங்கோவன்" என்றேன்.

"சரி, விடுவம்" என்றார். முகம் மாறவில்லை. தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாரியில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

புத்தகம் இந்த வசந்தத்தில் வந்தது. தடித்த மட்டை, நல்ல தாள். அவர் சொன்ன திருத்தங்கள் எல்லாம் ஏறியிருக்கின்றன. பள்ளிக்கூடம் ஓடையின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது, போர்வை கொடுத்தவர்களும் கீழ்ப்பக்கத்தாரே. படத்தில் முதல் மூவருக்கும் முழுப்பெயர் போட்டிருக்கிறார்கள். நான்காமவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பெறாமகளைக் கேட்டேன். ஃபோனில் மொழிபெயர்த்து, "ஒரு தமிழர்" என்று வாசித்தாள். புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவருடைய பெயரை முதல் வரியிலேயே எழுதிவிடுவது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து, இப்போது திருப்பிப் பார்க்கிறேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அத்தான் என்றுதான் இருக்கிறது.