பம்ப் ரூம் கல்லில் இன்னொரு பெயர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன் நான். அப்படியும் ராமநாதபுரத்தில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை போட்டேன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய் வற்றிய வருசங்களில் வயலுக்குத் தண்ணீர் இறைத்த மோட்டார்களில் என் கை படாதது குறைவு. அக்காள்மடத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டுக்குப் பழைய சாமான்களை வைத்தே கரண்ட் போர்டு கட்டிக் கொடுத்தேன். மாடி வீடு எழுப்பினேன். ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது, கீழக்கரையில் ஒரு தெரு பம்ப் ரூமின் சுவரில் இருக்கும் தகரப் பெட்டிதான். அதை நான் தனியாகக் கட்டவில்லை. கூட நின்றவன் போன மாதம் இறந்துவிட்டான்.

அந்த பம்ப் ரூமில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு மோட்டார்கள். புதிதாக வாங்கியதைப் போர்வையால் மூடி வைத்துவிட்டு, பழையதையே ஓட்டினார்கள். ஜமாத்துப் பெரியவர் ஒருவர், "புதுச எதுக்குப்பா ஓட்டித் தேய்க்கணும்? நோம்புக்கு ஆகும்ல" என்பார். நோன்பு வந்தது, பழையது புகைந்துபோனது. போர்வையை விலக்கிச் சுவிட்சைப் போட்டால் புதியது உறுமியதே தவிரச் சுற்றவில்லை. உப்புக் காற்றில் சும்மா நின்றே துருப்பிடித்து இறுகியிருந்தது.

என் கூட்டாளி கீழக்கரைக்காரன். துபாயிலிருந்து திரும்பி என் கடையில் பங்காளியாகச் சேர்ந்தவன். என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன்.

"அங்கன ஒரு கட்டடத்துல பார்த்தேன் மச்சான். ஒரு தடவ இது ஓடும், மறு தடவ அது ஓடும். ஆள் போயி மாத்த வேணாம்."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"பெட்டிய எங்க தொறந்து காட்டுனாய்ங்க? வெளிய எரிஞ்ச லைட்டத்தான் பார்த்தேன்."

"லைட்டப் பார்த்துட்டு வந்தவன்ட்ட கேட்டேன் பாரு!"

"நீ லைட்டக்கூடப் பார்க்கலைல? கட்டு!"

கட்டினேன். மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை சுவிட்சு மோட்டாரைக் கிளப்பும், நிரம்பினால் நிறுத்தும். நின்றதும் பெட்டிக்குள் இருக்கும் ரிலே சுவிட்சு புரண்டு, அடுத்த முறையை மற்ற மோட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும். எளிதில் புரளவில்லை. அவன் தொட்டி மேல் நின்று மிதவையைக் கையால் தூக்குவான், இறக்குவான். கீழே நான் கத்துவேன்.

"ஏலே, அதே மோட்டார்தான்டா ஓடுது!"

"அப்ப ஒன் மண்டைக்குள்ளதான் ரிலே மாறல!"

எத்தனையோ ரிலேக்களைக் கருக்கிய பிறகு, ஒரு மத்தியானம் இரண்டாவது மோட்டார் தானாகக் கிளம்பியது. சத்தம் கேட்டதுமே ஏணியில் பாதி வழியிலிருந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டான். அதன்பிறகு இரண்டில் ஒன்றும் சும்மா நின்று கெட்டதில்லை.

போன மாதம் ஒரு நாள் அவன் கடைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் மோட்டார் கொண்டுவந்த ஒருவர், "பாய் மௌத்தாயிட்டாராமே, நீங்க போகலையா?" என்றார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குழியில் மண் அள்ளிப் போட்டிருந்தார்கள். நான் மட்டும் போடவில்லை. "அவசரத்துல ஒங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு மாமா" என்று அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கடையைத் திறக்கத்தான் செய்கிறேன். வேலைக்கு நடுவே டெஸ்டர் கேட்டுக் கையைப் பின்னால் நீட்டுகிறேன். நீட்டிய கை அப்படியே நிற்கிறது.

பம்ப் ரூமில் அவன் நினைவாகக் கல் வைக்கப் போகிறார்களாம். எழுதப்போவதை மகன் போனில் காட்டினான். இந்த ஏற்பாட்டைச் செய்து தந்தவர் என்று அவன் பெயர் இருந்தது.

"இதுல நான் எங்கப்பா?"

"நீங்க வாப்பாவுக்கு ஒத்தாசையா இருந்தீக. தெரியும் மாமா."

ஒத்தாசையா? கண்டுவந்து சொன்னவன் அவன், கட்டியவன் நான். அவன் இருந்தால் இதைப் படித்துவிட்டு மகனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பான். ஜமாத்தாருக்குச் சொல்கிறேன், கல்லை வெட்டுமுன் என் பெயரையும் சேருங்கள். அவன் பெயருக்குக் கீழே வேண்டாம். பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.