மதியக் காட்சியில் வந்த சாமி

எனக்கு இன்றுவரை சாமி வந்ததில்லை. கோபம்தான் வரும், அதுவும் மூக்குக்கு மேலே வரும். அதனாலோ என்னவோ, ஆடி மாதம் அம்மன் படம் பார்க்கப் போவதென்றால் எனக்கு வேப்பங்காயாகக் கசக்கும். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை போனேன். அக்காவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

அக்கா அப்போது புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு போன அதே வருஷம் அவர்கள் தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. அடுத்து ஒரு கறவை மாடு செத்தது. கிழக்குப் பாலக்காட்டில் அந்த வருஷம் யார் கிணற்றில்தான் தண்ணீர் இருந்தது? ஆனால் அவள் மாமியார், வந்தவளுக்கு ராசியில்லை என்று முடிவுகட்டி, துணிமணியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். மச்சான் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. ஆடி கழிந்ததும் பொள்ளாச்சிப் பக்கம் அவருக்கு வேறு பெண் பார்க்கப் போகிறார்கள் என்று எங்கள் காதுக்கு வந்தது. அக்கா அதைக் கேட்டும் அழவில்லை. மாட்டுக்குத் தீனி வைத்தாள், கடலைக்காய் உரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்றாள்.

சினிமாக் கொட்டகை கடைவீதியின் கோடியில் இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் பாதி வசனம் காதில் விழாது. நடத்தியவர் ஒரு ராவுத்தர். மளிகைக் கடையும் அவருடையதுதான். அம்மன் படம் போட்டால் பெண்கள் பக்கம் யாருக்காவது சாமி வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் ஒரு கட்டு வேப்பிலையும் கற்பூரத் தட்டும் வாசலிலேயே தயாராக வைத்திருப்பார். சாமி வந்தால் படத்தை நிறுத்திவிட்டு, பக்கவாட்டுக் கறுப்புத் துணியைத் தூக்கி வெளிச்சம் விடுவார்கள். சாமி மலையேறிய பிறகுதான் மறுபடி படம் ஓடும். இதில் யாருக்கும் குறையில்லை. சாமி வராத காட்சிக்குப் போய் வந்தவர்கள்தான் முனகுவார்கள்.

மணலில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். எங்களுக்கு நாலைந்து வரிசை முன்னால் அக்காவின் மாமியார். சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில் மச்சான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எந்திரிக்கா, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"படம் பாக்கத்தானே வந்தோம். உக்காரு" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

படம் அம்மனை நம்பி வாழும் ஒரு மருமகளின் கதை. பாதிப் படத்தில் அவளைக் கொட்டுகிற மழையில் வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். அதற்கு நடுவே எல்லோருக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது.

"பாவம், அந்தப் புள்ளைய இப்புடித் தொரத்தறாளே. இவ கை வெளங்குமா?"

அக்காவின் மாமியார்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திரையில் இருந்த மாமியாரைச் சபித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா உடைந்துபோனாள். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்தது அடிவயிற்றிலிருந்து வந்தது. தோள் குலுங்கியது, தலை ஆடியது, கொண்டை அவிழ்ந்து மயிர் முகத்தில் விழுந்தது. நான் அவளைச் சேர்த்து அணைத்தேன். அதற்குள் பின்னால் இருந்த ஒருத்தி கத்திவிட்டாள்.

"சாமி வந்துருச்சு, படத்த நிறுத்துங்க."

படம் நின்றது. துணியைத் தூக்கினார்கள். வெயில் நேராக அக்காவின் முகத்தில் விழுந்தது. குலவை போட்டுக்கொண்டு பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"சாமியில்லீங்க. எங்கக்கா அழுவுதுங்க. உடுங்க" என்றேன்.

"சாமி வந்திருக்கையில குறுக்க பேசாத கண்ணு" என்று ஒரு பெரியம்மா என்னை ஓரமாகத் தள்ளினாள். "சொல்லு தாயி, நீ யாரு? என்ன கொற உனக்கு?"

அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை, விக்கிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். யாருக்குச் சாமி வந்திருக்கிறது என்று பார்த்ததும் முகம் இறுகியது.

"இவளுக்கா? நடிக்கறா. கையில கற்பூரம் வெச்சுப் பாருங்க. சாமியா இருந்தாச் சுடாது."

சுவரின் மேலே ஆண்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. மச்சானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை மடக்கிக்கொண்டிருந்தால் பொய்க்காரி என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள், பொள்ளாச்சிப் பெண்ணும் நிச்சயமாகியிருப்பாள். அக்கா மாமியாரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை விரித்து நீட்டினாள்.

கற்பூரத்தை வைத்துப் பற்ற வைத்தார்கள். அவள் கை ஆடவில்லை. விக்கல்கூட நின்றுவிட்டது.

"நான் சாமியில்லீங்க அத்தை" என்றாள், வீட்டில் பேசுகிற அதே குரலில். "உங்கூட்டு மருமவதானுங்க. அழுகை வந்துருச்சுங்க. கை சுடுதுங்க."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்?

"சோதிக்கறா ஆத்தா, நம்மளச் சோதிக்கறா" என்றாள் பெரியம்மா. பெண்கள் அப்படியே மணலில் விழுந்து கும்பிட்டார்கள். தீ எரிகிற கையை அசைக்காமல் நிற்கிறவள் சாமியில்லாமல் வேறு யார் என்பது அவர்கள் கணக்கு. மாமியார் வெலவெலத்துப் போய் அக்காவின் காலைப் பிடித்தாள். மச்சான் சுவரைத் தாண்டி வந்தார். வந்தவர் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரும் காலில்தான் விழுந்தார்.

நான் பாய்ந்துபோய்க் கற்பூரத்தைத் தட்டிவிட்டேன். அதற்காக என்னை எத்தனை பேர் திட்டினார்கள் என்று கணக்கில்லை. மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்களே தவிர, கையில் ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு துணியை இறக்கிப் படத்தை ஓட்டினார்கள். திரையில் அந்த மருமகள் இன்னும் மழையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எல்லோரும் விட்ட இடத்திலிருந்து அவளுக்காக அழ ஆரம்பித்தார்கள். எனக்கு அத்தனை பேரையும் அறைய வேண்டும்போல இருந்தது.

இரண்டு நாளில் தேங்காய் பழத் தட்டும் சேலையுமாக வந்து அக்காவை அழைத்துப் போனார்கள். பொள்ளாச்சிப் பேச்சு அதோடு ஒழிந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமியார் அதன் பிறகு அக்காவை ஒரு சொல் கடிந்ததில்லை. தாயி என்றுதான் கூப்பிட்டாள். விதைப்புக்கு நாள் குறித்தாலும் அவளைக் கேட்டுத்தான் செய்தாள். நான் போனபோதெல்லாம் மச்சான் அக்காவிடம் இரண்டடி தள்ளி நின்றே பேசினார்.

அடுத்த தைப் பொங்கல் நோன்பிக்கு அக்கா வந்திருந்தாள். உள்ளங்கையில் தழும்பு வழவழப்பாக இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்தேன்.

"நல்லா இருக்கறயாக்கா?"

"ஒரு கொறையுமில்ல" என்றாள். கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "அழுகை வந்தாத்தான் செரமமா இருக்குது. கண்ணுல தண்ணியப் பாத்தாப் போதும், கற்பூரத் தட்டத் தூக்கிட்டு வந்தர்றாங்க."

எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். அக்கா என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். வெளியே அம்மா வந்து கதவைத் தட்டி, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அக்கா தூங்குகிறாள் என்றேன்.