பல்ப் மாதேஸ்வரி

சுத்தம் செய்த ஊசி மூடிகளை ஒரு தட்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார் மாதேஸ்வரி. பன்னிரண்டு மூடிகள். ஒன்றிலும் தண்ணீர் வழியவில்லை. தட்டை அலுங்காமல் தூக்கி ஃப்ரீசரில் வைத்துக் கதவை இடுப்பால் சாத்துகிறார். இரண்டு மணி நேரத்தில் மூடிக்குள் குச்சி ஐஸ் தயார். தின்பதற்கில்லை, பல்லின் மேல் வைத்துப் பார்ப்பதற்கு. "செத்த பல்லுக்குக் குளுரு தெரியாது. உசுரு இருக்கற பல்லு கத்தும். கத்துனா சந்தோசப்படணும்" என்கிறார். பல் வலிக்காரனிடம் சந்தோஷப்படச் சொல்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

ஓசூர் ராயக்கோட்டை சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது டாக்டர் சுஜாதாவின் பல் மருத்துவமனை. மாதேஸ்வரி அங்கே பதினோரு வருடமாக உதவியாளர். வயது நாற்பத்து நான்கு. நான் போனது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள. நோட்டில் பெயர் எழுதும்போதே பிடித்துக்கொண்டார்.

"புடுங்கவா வந்தீங்க? புடுங்கணும்னு யாரு சொன்னா?"

"வலிக்குதுங்க."

"வயிறு வலிச்சா வயித்தப் புடுங்கிக்குவீங்களா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். இன்று வரை அந்தப் பல் என்னிடம்தான் இருக்கிறது.

அவருக்குப் பட்டப்பெயர் பல்ப் மாதேஸ்வரி. பல்லின் நடுவே இருக்கிற மெத்தென்ற சதைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பல்ப். பல்ப் கெட்டுப்போச்சு என்று டாக்டர் சொன்னால் பாதிப் பேர் கூரையில் எரிகிற விளக்கைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் மாம்பழத்தை நினைப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பல்ப் என்றால் மாங்கூழ். பல்ப் கம்பெனி என்றால் மாங்கூழ் ஆலை. காவேரிப்பட்டினத்து விவசாயி ஒருவர், "என் பல்லுல எதுக்கு மேடம் மாங்கா பல்ப் வெக்கறீங்க, எனக்கு சுகரு" என்று நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டாராம். மாதேஸ்வரிதான் படியில் துரத்திப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அவருக்கு இரண்டு பல்பும் தெரியும். ஊத்தங்கரை அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, காவேரிப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் கூழ் ஆலையில் பழம் நறுக்கியவர். அங்கே ஒருநாள் இலவசப் பல் முகாம் போட்டார்கள். வந்தவர்களுக்கு அவசரம். சொத்தை என்று இடது கீழ்ப் பக்கம் மூன்று பற்களை ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டே சாயங்காலம் வரை பழம் நறுக்கினார். அந்த மூன்றில் இரண்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது, இங்கே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, அடுத்தவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கே புரிந்த விஷயம். "புரிஞ்ச அன்னிக்குச் சோறு எறங்கல சார்" என்றார்.

டாக்டர் இலவசமாகவே செயற்கைப் பல் கட்டித் தருகிறேன் என்று பல தடவை சொல்லியாயிற்று. மாட்டேன் என்கிறார். "காலியாவே கெடக்கட்டும். பாக்கறவங்க ஏன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லுவன்." முன்பற்களில் எங்கள் மாவட்டத்து ஃப்ளோரைடு தண்ணீர் போட்ட பழுப்புக் கோடுகள். அதையும் மறைக்கிறதில்லை. வாயைப் பொத்திச் சிரிக்கிற பழக்கம் அவருக்கு அறவே கிடையாது.

அந்த மருத்துவமனையில் ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை. பூச்சி. தமிழர்கள் பல்லில் பூச்சி என்று வருவார்கள், கன்னடக்காரர்கள் "ஹுள பித்திதெ" என்று வருவார்கள், தெலுங்குக்காரர்கள் "புருகு பட்டிந்தி" என்று வருவார்கள். மூன்று பாஷையும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான். வேர் சிகிச்சையில் டாக்டர் மெல்லிய கம்பியால் பல்பை இழுத்து எடுக்கும்போது, இளஞ்சிவப்பாக நூல் மாதிரி ஒன்று சுருண்டுகொண்டு வரும். பார்த்ததும், "ஐயோ, பூச்சி!" மாதேஸ்வரிக்கு ரத்தம் கொதிக்கும். அதை ஈரப் பஞ்சில் நீட்டிப் படுக்கவைத்து மூக்குக்குக் கீழே பிடிப்பார். "காலு இருக்குதா? கண்ணு இருக்குதா? இது உன் சதை. இத்தினி வருசமா உனக்காக ஒழச்சது. செத்த பொறவாவது பூச்சின்னு பேரு வெக்காத." இதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டத் தெரியும்.

ஒருமுறை கருவிகளைக் கிருமி நீக்கும் பயிற்சிக்காக டாக்டர் அவரை ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே யாரோ மைக்ராஸ்கோப்பில் பல்பைக் காட்டியிருக்கிறார்கள். பின்னால் நின்றவர்கள் தோளைத் தட்டுகிற வரை கண்ணை எடுக்கவில்லையாம்.

"சுவரோரமா ஒரே வரிசையா ஒட்டி ஒட்டி நிக்கறாங்க சார். ஆளுக்கொரு வாலு, அது சுவத்துக்குள்ள போவுது. அவங்கதான் சுவரு கட்டற ஆளுங்க." ஓடோன்டோபிளாஸ்ட் என்று டாக்டர் சொல்கிற செல்களுக்கு இவர் வைத்த பெயர் ஓரத்து ஆளுங்க. "அவங்களுக்குப் பின்னால கொஞ்சம் காலி எடம். அதுக்கும் பின்னால கும்பலு. நடுவுல ரத்தக் கொழாயி, நரம்பு. சுத்தியும் கல்லு மாதிரி சுவரு. வேரு நுனியில ஊசி ஓட்டையாட்டம் ஒரு வழி. உள்ள வீங்குனா எங்க போவும்? அதான் கத்துது. சொத்த ஏற ஏற, ஓரத்து ஆளுங்க உள்பக்கமா இன்னொரு சுவரு கட்டித் தடுப்பாங்க. அவங்களே செத்துட்டா, கும்பல்லேர்ந்து ஆளு காலி எடத்தத் தாண்டி முன்னுக்கு வந்து நிக்கும். வந்து அதே வேலையப் பாக்கும். கடேசி ஆளு இருக்கற வரைக்கும் விடாதுங்க சார் அதுங்க."

சரிதானா என்று டாக்டரிடம் கேட்டேன். நாங்கள் ஒரு வருடம் படித்தது இதைத்தான் என்றார்.

மூன்றாவது தடவை நான் போயிருந்த அன்று, பகல் பன்னிரண்டரை இருக்கும், பூபதி வந்தார். கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆட்கள் அனுப்பும் ஏஜென்சியில் மேற்பார்வையாளர். கூடவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பேச்சியம்மாள், வயது பத்தொன்பது, சங்கரன்கோவில் பக்கம். ஏதோ கம்பெனியில் வயர் கோக்கும் வேலை, ஹாஸ்டல் சாப்பாடு, நாலு நாளாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி.

"பூச்சி புடிச்ச பல்லு மேடம். புடுங்கிப் போட்டீங்கன்னா ரெண்டு மணி ஷிப்டுக்கு எறக்கி உட்ருவன்."

நான் மாதேஸ்வரியைப் பார்த்தேன். பூச்சி, பிடுங்கல், அவசரம். மூன்று குற்றம் ஒரே மூச்சில்.

"பல்லு யாரோடது?" என்றார் மாதேஸ்வரி.

"என்னா?"

"பல்லு உன்னோடதா, அந்தப் பொண்ணோடதா?"

பூபதி அவரை விட்டுவிட்டு டாக்டரிடம் பேசினார். மாதம் பத்துப் பேரை இங்கேதான் அனுப்புகிறாராம். லேட் ஆகிற இடம் என்றால் வேறு இடம் இருக்கிறதாம். டாக்டர் சுஜாதா நல்லவர்தான், ஆனால் வாடகைக் கட்டடம். கடிகாரத்தைப் பார்த்தார். "எக்ஸ்ட்ராக்‌ஷன் செட் எடுங்க மாதேஸ்வரி" என்றார், கொஞ்சம் மெதுவாக.

"கொறடு ரெண்டாவது டிராயர்ல கீது மேடம். நீங்களே எடுத்துக்குங்க. என் கையால எடுத்துத் தர மாட்டன்."

காத்திருந்த நாங்கள் ஐந்து பேரும் சுவரில் இருந்த பற்பசை விளம்பரத்தை மும்முரமாகப் படித்தோம். எனக்குக் கோபம் வந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"குளுரு வெச்சிப் பாத்துட்டு அப்பறம் புடுங்குங்க மேடம். செத்திருந்தா நானே வேலைய உட்டுட்டுப் போறன்" என்றார் மாதேஸ்வரி. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டார்.

கதவு திறந்தே இருந்தது. டாக்டர் ஐஸைப் பல்லில் வைத்ததும் பேச்சியம்மாள் "எம்மா!" என்று துள்ளினாள். ஐஸை எடுத்தார். மாதேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். எடுத்த பிறகும் வலி நின்று குடைந்தால் பல்ப் பிழைப்பது கஷ்டம். சட்டென்று அடங்கினால் உயிர் திடமாக இருக்கிறது. ஒண்ணு. ரெண்டு. டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம்கூட நின்றதுபோல் இருந்தது எனக்கு. மூணு. நாலு. உயர்ந்திருந்த அந்தப் பெண்ணின் தோள் கீழே இறங்கியது.

"போயிட்டுக்கா. வலி போயிட்டு."

டாக்டர் இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தார். ஒரு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "பல்ப் உயிரோட இருக்கு. சொத்தையை எடுத்து, மருந்து வெச்சு மூடிடலாம். ஒரு மணி நேரம் ஆகும். மருந்து வெச்சதும் ஓட முடியாது, இன்னிக்கு ரெஸ்ட் எடுக்கணும்."

"பல்பா?" பூபதி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "இந்தாம்மா, நீ சொல்லு. புடுங்கிக்கினு வர்றியா, இல்லியா?"

பேச்சியம்மாள் நாற்காலியில் படுத்தபடியே மாதேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். மாதேஸ்வரி தலையசைக்கவில்லை, கண்ணும் காட்டவில்லை. கையை மட்டும் விடவில்லை. அந்தப் பெண் கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குப் பல்லு வேணும் சார். நான் வரல."

"அப்ப ரெண்டு மணிக்கு லைன்ல யாரு நிக்கறது?" பூபதி மாதேஸ்வரியைப் பார்த்துக் கத்தினார். "உன் அப்பனா வந்து நிப்பான்?"

மாதேஸ்வரி குனிந்தார். பேச்சியம்மாளின் கழுத்தில் கிடந்த கம்பெனி அடையாள அட்டையை, பட்டை கூந்தலில் சிக்காதபடி மெதுவாகக் கழற்றினார். வெளியே வந்தார். அதைப் பூபதியின் கழுத்தில் மாட்டி, அட்டை நெஞ்சில் நேராகத் தொங்கும்படி சரிசெய்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.