துபெலின் வம்சத்தின் முதல் பெயர்

சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, அதன் வழியே தேநீரை உறிஞ்சியபடி, செத்துப்போன பிரபுக்களின் பெயர்களை முணுமுணுக்கிறார் யெஃபீம் சாவிச். கலூகா நகரத்துப் பிரபுக்கள் சபையில் வம்சாவளி எழுதும் குமாஸ்தா. முப்பத்தொரு வருஷமாக அதே ஜன்னலோர மேசை.

'முந்நூறு குதிரை வீரர்களோடு தாத்தார் தேசத்திலிருந்து வந்து' என்று எழுத நேர்ந்தால் பேனா நின்றுவிடும். உறைந்து கிடக்கும் ஓகா நதியைப் பார்ப்பார். பனிப்புகைக்குள்ளிருந்து குதிரைகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். கடைசிக் குதிரை ஏறும்வரை அடுத்த சொல் விழாது. அவருடைய தகப்பனார் பண்ணையடிமை. "எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதான். குதிரையில வந்தவங்களுக்குப் பட்டம், நடந்து வந்தவங்களுக்குக் கால்வலி" என்பார் யெஃபீம் சாவிச்.

இந்தப் பிப்ரவரியில் துபெலின் குடும்பத்து விதவைச் சீமாட்டி வர்வாரா க்ளேபொவ்னா ஒரு பெட்டி நிறையக் காகிதம் கொண்டுவந்தாள். பீட்டர்ஸ்பர்க்கில் தொன்மையான வம்சத்துப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் பள்ளிக்குப் பேரனை அனுப்பச் சான்றிதழ் வேண்டும். தாத்தார் இளவரசன் வழிவந்தவர்கள் என்பது குடும்பத்தின் பேச்சு. பெட்டியின் அடியில் இருநூறு வருஷத்து மனு ஒன்று அகப்பட்டது. அதைப் படித்தபின் மூன்று நாள் யெஃபீம் சாவிச்சுக்குத் தேநீர் இறங்கவில்லை.

நான்காம் நாள் அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு சங்கடம், அம்மா. உங்க முதல் பாட்டன் இளவரசன் இல்லை."

"பின்னே? சமையல்காரனா?"

"ஓடக்காரன். வெள்ளத்துல ஜார் மன்னரை அக்கரை சேர்த்திருக்கான். அதுக்குத்தான் நிலம். பிரபுப் பட்டம் அவன் பேரன் காலத்துல வந்தது."

அவள் அந்த மனுவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நான் வியாபாரி வீட்டுப் பொண்ணு, யெஃபீம் சாவிச். அந்த இளவரசன் பேரைச் சொல்லியே என்னை இருபது வருஷம் மேசைக் கடைசியில உட்கார வெச்சாங்க."

"ரொம்பப் பழைய வம்சம், தோற்றம் தெரியலைன்னு எழுதிடலாம். பேரனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைச்சுடும்."

"தெரிஞ்சதைத் தெரியலைன்னு எழுதியிருக்கியா?"

"இதுவரை இல்லை."

"அப்ப எதுக்கு இப்ப? பிள்ளை இந்த ஊர்லயே படிக்கட்டும். ஓடக்காரன்னே எழுது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பனி இல்லாத ஓர் ஆறு அங்கே பெருகி ஓடியது. ஒற்றைத் துடுப்போடு ஒருவன் வெள்ளத்தை எதிர்த்துப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் கரை சேரும்வரை சீமாட்டியும் காத்திருந்தாள்.

யெஃபீம் சாவிச் கீழ் இழுப்பறையைத் திறந்து, இளவரசர் பெயர்களுக்கு மட்டும் எடுக்கும் பொன் மையை வெளியே எடுத்தார். 'ஓடக்காரன்' என்பதன் முதல் எழுத்தை அதில் வரைந்தார்.