பிரேக்கில் காற்று

சூசை வாங்கிப்போட்ட ராணுவ லேண்ட் ரோவரை அவர் மனைவி கேத்தரின் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டதுமில்லை. "அந்தச் சாமான்" என்பாள். அதுவும் மகன் டேரில் பெர்த்திலிருந்து போன் போட்டு, அப்பா எங்கே என்று விசாரித்தால்தான். "எங்க போவாரு? அந்தச் சாமானப் பாக்கப் போயிருக்காரு."

தப்பு சூசையுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆயுசு முழுக்க மருத்துவமனைச் சாமான் கிடங்கில் கிராணியாக உட்கார்ந்து பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் கணக்கு எழுதிய மனுஷன், ஓய்வு பெற்ற கையோடு, ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் ஒன்றைப் பிடித்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. கேத்தரினுக்கு மாதா கோயில் வாசலில் வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அவள் ஒரு சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் ஆறியிருக்கும். போடவில்லை.

"ஏதோ ஜீப்பு வாங்கிட்டீங்களாமே?"

"ஆமா."

"சரி."

அந்தச் 'சரி'யோடு டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில் பேச்சு வற்றிப்போயிற்று. சாப்பாடு எடுத்து வைக்கவா, மருந்து போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா. இதற்கு மேல் இருவருக்கும் வாய் வரவில்லை. கோபம்கூட இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று சூசை பல நாள் நினைத்திருக்கிறார்.

வண்டி நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. பொழுது விடிந்தால் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிக் கடலைக் கடந்து, பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கே போய்விடுவார். துரு சுரண்டினார். ஓட்டை விழுந்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதிது ஒட்டவைத்தார். இன்ஜினைக் கழற்றி, யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். மிஞ்சிப்போன நட்டுகளைக் கண்டு மறுபடியும் கழற்றினார். மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே வண்டியிடம் நாலு வார்த்தை பேசுவார். இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஈப்போவில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போகும் படங்களைப் போனில் அனுப்புவார்கள். சூசை எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார்.

கடைசியில் பிரேக் மட்டும் பாக்கி. அதன் குழாய்களுக்குள் காற்று நின்றுவிட்டால் மிதி மெத்தைபோல அமுங்குமே தவிர வண்டி நிற்காது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதியை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

"ஒரு ஆளே செய்யலாம் லா, அங்கிள்," என்று பட்டர்வொர்த் உதிரிபாகக் கடை முதலாளியான சீனர் குழாய் வைத்த ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். சூசை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணாம் தவுக்கே. வீட்ல ஆள் இருக்கு," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கேட்டார். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"கொஞ்சம் வந்து ஒரு பிரேக்க மிதிக்கணும்."

"எங்க?"

"நிபோங் திபால்ல."

கேத்தரின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கு ஆளு கெடைக்கலையா?"

"கெடைக்கல," என்றார். பொய். பக்கத்துத் தோட்டத்து முனுசாமியைக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான்.

அவள் அறைக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று சூசை தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்துக் கையில் ஒரு ஜோடிச் சப்பாத்தோடு வந்து நின்றாள். "இதப் போட்டா மிதிக்க முடியுமா?"

சூசை காடி ஓட்ட, கடற்பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். கொட்டகையில் அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்துவிட்டு ஏறினாள். "ஒசரமா இருக்கு லா."

சூசை பின்சக்கரத்தடியில் படுத்தார். "அமுக்குன்னா அமுக்கு. பிடின்னா அப்படியே பிடிச்சுக்க. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விட்றாத. விட்டா காத்து திரும்ப உள்ள போயிரும்."

"சரி."

"அமுக்கு."

"அமுக்கிட்டேன். தரை வரைக்கும் போவுதுங்க."

"அப்படித்தான் இருக்கும். பிடி... விடு."

திருகில் மாட்டிய குழாய் வழியாக, அடியில் வைத்திருந்த ஒரு பழைய போத்தலுக்குள் குமிழிகள் பொங்கின. சூசை அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

"இங்க யாரோ பேரு கீறி வெச்சிருக்கான்."

"யாராவது பட்டாளத்து டிரைவர் பையனா இருக்கும். அழிக்க மனசு வரல. அமுக்கு."

"இம்புட்டையும் தனியாவா செஞ்சீங்க?"

"ம். பிடி."

"சாப்பாடு?"

"ரொட்டிதான். விடு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லயே."

"நீங்க சொல்லவே இல்லயே," என்றாள். வண்டிக்கடியில் கிடந்த சூசைக்கு அழுகை முட்டியது. நல்லவேளை, முகம் அவளுக்குத் தெரியவில்லை.

நான்காவது சக்கரத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. பிரேக் எண்ணெய் தெளிவாக இறங்கியது. வேலை முடிந்துவிட்டது. ஆச்சு, இறங்கு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் இறங்கிவிடுவாள். வீட்டுக்குப் போய், மருந்து போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா. சூசைக்குப் பயமாக இருந்தது. திருகை இறுக்கிவிட்டு அப்படியே மல்லாந்து கிடந்தார்.

"இன்னும் காத்து இருக்கு," என்றார். "அமுக்கு."

முதலில் தரைவரை போன மிதி இப்போது கல்லாக நிற்கும். அவள் காலுக்கு அது தெரியாமல் இருக்காது.

"அமுக்கிட்டேன்," என்றாள் கேத்தரின்.

"பிடி."

"பிடிச்சிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க மெதுவாப் பாருங்க, அவசரமில்ல."